அப்பாவின் கையிலிருந்து பறித்த கொடி

சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் என் நடுவர் பையைத் திறந்து சரிபார்த்தேன். விசில் இரண்டு, கைக்கடிகாரம் இரண்டு, மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை, நாணயம், கொடி இரண்டு. வார நாட்களில் மின்தூக்கிகளைப் பரிசோதிப்பது என் வேலை. பட்டியல் இல்லாமல் பல்கூட விளக்கமாட்டேன். கொடியை விரித்ததும் ஈரத்துணி வாசனை. கூடவே மைதானக் கடையிலிருந்து வாஃபிள் அப்பம் கருகும் வாசனை. இரண்டும் சேர்ந்தால் எனக்குப் பதின்மூன்று வயதாகிவிடும்.

அப்போது இந்த மைதானம் முழுக்கச் சரளைக்கல். விழுந்தால் முழங்காலில் கல் ஏறும்; வீட்டில் அம்மா ஊசியால் எடுப்பார்.

ஒஸ்லோவின் சின்னக் கால்பந்துக் கழகங்களில் கோட்டோர நடுவர் கிடையாது. யாராவது ஒரு பெற்றோரைப் பிடித்துக் கொடியைக் கொடுப்பார்கள். நோர்வேக்காரருக்கு அதன் வழக்கம் தெரியும்: பந்து வெளியே போனால் தூக்கு, சொந்தப் பிள்ளைகள் எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி முன்னுக்கு நின்று ஓஃப்சைட் ஆனால் வானத்தைப் பார். அப்பாவுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. வட நோர்வேயில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் பல வருடம் முள் எடுத்தவர். ஒரு முள் தப்பினாலும் பெட்டி திரும்பி வரும். ஆகவே விதிப்புத்தகத்தை நூலகத்தில் எடுத்து, அகராதியோடு இரண்டு வாரம் படித்தார். காற்சட்டையை மடிப்புக் குலையாமல் அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்தார்.

கடைசி நிமிடத்தில் நான் கோல் அடித்தேன். என் முதல் கோல். திரும்பினால் அப்பாவின் கொடி நேராக நிற்கிறது.

எங்கள் பயிற்சியாளர் ஸ்டைனர் ஓடிப்போய் அதைப் பறித்தார். "இதைக்கூடச் செய்யத் தெரியாதா?" என்று நோர்வே மொழியில், குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். பெற்றோர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் ஸ்டைனரை நான் மன்னிக்கவில்லை.

வெஸ்ட்லியில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "என்னப்பா, பெத்த பிள்ளையின்ரை கோலையே மறிச்சனீங்களாம்?"

"நான் மறிக்கேல்லை. அவள் ஒரு அடி முன்னுக்கு நிண்டவள். கொடியைத் தந்தா உள்ளதைத்தானே காட்டவேணும்."

அதன்பின் அப்பா என் ஆட்டம் ஒன்றுக்கும் வரவில்லை. சனிக்கிழமை வேலை இருக்கு என்பார்.

மற்றவர்கள் விளையாட்டின் மேலுள்ள ஆசையில் நடுவராவார்கள். நான் ஸ்டைனருக்காக ஆனேன். நீங்கள் சிரிக்கலாம். வகுப்புக்குப் போனேன், சோதனை எழுதினேன், நாலு பருவம் வேறு மைதானங்களில் ஓடினேன். சரியாகச் சொன்னால், மூச்சிரைத்தேன். ஒருவழியாக இந்த மைதானம் வந்தது. கழகத்தின் சார்பில் கொடி பிடிக்க வந்தவர் ஸ்டைனர்தான், தலை நரைத்து. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதையும், பதின்மூன்று வயதிலிருந்து நான் எழுதிவந்த அவருடைய குற்றப் பட்டியலில் சேர்த்தேன்.

அரைமணி நேரத்தில் அவருடைய அணிக்காரன் ஒருவன் இரண்டு அடி முன்னுக்கு நின்று கோல் அடித்தான். ஸ்டைனர் வானத்தைப் பார்த்தார். நான் விசில் ஊதிக் கோலை ரத்துச்செய்துவிட்டு, அவரை நோக்கி அவசரப்படாமல், ஆறுதலாக நடந்தேன். கையை நீட்டிக் கொடியை வாங்கினேன்.

"இதைக்கூடச் செய்யத் தெரியாதா?"

பதினைந்து வருடம் பழகிய வாக்கியம். உச்சரிப்பில் பிழையே இல்லை. வேலியோரம் சிரித்தார்கள். ஸ்டைனரின் காது சிவந்தது. எனக்கு நன்றாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் அப்பாவுக்கு ஃபோன் அடித்தேன்.

"அப்பா, ஸ்டைனரிட்டை இருந்து கொடியை வாங்கிப்போட்டன்."

"ஆக்களுக்கு முன்னாலையோ?"

"ஓம்."

"பாவம்." பிறகு, "எத்தினை அடி?"

"ரெண்டு."

"அப்ப சரி."

"அடுத்த சனி பார்க்க வாறீங்களோ?"

"முழங்கால் ஏலாது பிள்ளை. அவ்வளவு நேரம் நிக்கேலாது."

சரளைக்கல் போய்ச் செயற்கைப் புல் வந்துவிட்டது. சுண்ணாம்புக் கோடும் இல்லை. கோட்டைப் புல்லோடு சேர்த்தே நெய்துவிடுகிறார்கள். அப்பா நின்ற இடத்தில் இப்போது விளம்பரப் பலகை. வீட்டுக்கு வந்து ஸ்டைனரின் பட்டியலில் ஒவ்வொரு வரியாக வெட்டினேன். பதின்மூன்றிலிருந்து பத்தொன்பதுவரை அப்பா பார்க்காமல் போன ஆட்டங்கள் என்ற வரியை மட்டும் வெட்டவில்லை.