பத்தியத்துக்குள் வந்த வெயில்

ஜூலை இருபத்தைந்தாம் திகதி காலையில் எங்கள் வீட்டு வானொலி ஒரு பட்டியல் வாசிக்கும். அதே திகதியில் உலகத்தில் நடந்த மழை, புயல், வெயில் விபரீதங்கள். 1979இல் டெக்சாஸில் ஒரு சிற்றூரில் ஒரே நாளில் நாற்பது அங்குலத்துக்கு மேல் மழையாம். 2019இல் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் அதுவரை காணாத வெயிலாம். அடுத்தது பாரிஸ் என்று எனக்குத் தெரியும். அதற்குள் எழுந்துபோய் நிறுத்திவிடுவேன்.

இந்த முறை மகள் விடவில்லை. தான் பிறந்த வருஷத்துக் கதைதானே, கேட்டால் என்ன என்று பிரெஞ்சில் சண்டைக்கு வந்தாள். பாரிஸில் நாற்பத்திரண்டு புள்ளி ஆறு டிகிரி என்று வானொலி சொல்லி முடித்தது.

அன்று அவள் பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பாரிஸில் மார்க்ஸ் டோர்மோய்ப் பக்கம், கடைசி மாடியில், கூரைத் தகட்டுக்கு நேர்கீழே எங்கள் வீடு. பிள்ளைப்பேறு பார்க்க அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். சுன்னாகத்தில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோரையும் குளிப்பாட்டி எடுத்த கை அது. முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும்வரை தாயும் பிள்ளையும் வாசல் தாண்டக்கூடாது. தலைக்குத் துணி, காலுக்குச் சொக்ஸ், காதுக்குப் பஞ்சு. சுடுதண்ணியில் குளிப்பு, பிறகு சாம்பிராணிப் புகை, மூன்று நேரமும் மல்லியும் மிளகும் அரைத்த சரக்குக்கறி. ஊரில் மார்கழிப் பனிக்கு நல்ல சட்டங்கள்தான்.

அந்த வியாழக்கிழமை காலையிலேயே சுவர் சுட்டது. அம்மா யன்னலைச் சாத்தி, இடுக்குக்குள் துணியும் அடைத்திருந்தார். மின்விசிறி சுவரைப் பார்த்து நின்றது.

"அம்மா, யன்னலைத் திறவுங்கோ. மூச்சு முட்டுது."

"சும்மா கிட பிள்ளை. நாங்கள் காணாத வெய்யிலே? பச்சை உடம்பிலை காத்துப் பட்டால் சன்னி வந்து கொண்டுபோடும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தது. ஆனால் சன்னி என்ற சொல் என் வாயை அடைத்துவிட்டது. முதல் பிள்ளை. எனக்கென்ன தெரியும்?

மத்தியானம் பால் கொடுக்கத் தூக்கினேன். அவள் இழுக்கவில்லை. கன்னத்தைத் தட்டினேன், பாதத்தைச் சுரண்டினேன், கண் திறக்கவில்லை. கை துவண்டு விழுந்தது. நெற்றி அடுப்பில் வைத்த சட்டி மாதிரிச் சுட்டது. அழக்கூட இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"அம்மா, பிள்ளை பால் இழுக்குதில்லை."

"நல்ல நித்திரை. எழுப்பாதை."

என் கணவருக்கு ரொய்சி விமான நிலையத்தில் வேலை, வேலை நேரத்தில் கைபேசி அலுமாரிக்குள். மூன்று தரம் எடுத்தேன், மணி மட்டும் அடித்தது. பிள்ளையை அப்படியே வாரிக்கொண்டு கதவுக்குப் போனேன். அம்மா முன்னால் வந்து நின்றார்.

"துடக்கோடை வெளிக்கிடப் போறியே? உனக்கென்ன விசரே?"

"விலகுங்கோ. என்ரை பிள்ளை செத்துப்போகும்."

அம்மா விலகினார். தையல் வலிக்க வலிக்க, கைப்பிடியைப் பிடித்தபடி மாடி மாடியாக இறங்கினேன். வழியெல்லாம் "அம்மாளாச்சி, அம்மாளாச்சி" என்றுதான் வாய் சொன்னது. பிள்ளையின் மூச்சு என் கழுத்தில் படுகிறதா என்று பார்ப்பதும், படவில்லை என்று நினைத்து நிற்பதும், பிறகு ஓடுவதும். பின்னால் அம்மா செருப்பில்லாமல் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

தெரு முனை மருந்துக் கடைக்குள் நுழைந்ததும் குளிர் அடித்தது. கடைக்கார அம்மாள் பிள்ளையை வாங்கி மேசையில் கிடத்தினார். கடையில் வேலைசெய்த ஒருத்தி அம்புலன்ஸுக்கு அடித்தாள். கடைக்கார அம்மாள் தலைத்துணியைக் கழற்றினார். பஞ்சை எடுத்தார். சொக்ஸ், பிளானல் சட்டை, அதற்குள் இன்னொரு சட்டை, வயிற்றுக்குக் கட்டிய துணி. ஒவ்வொன்றாகப் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் நீட்டினார். அம்மா ஒவ்வொன்றாக வாங்கினார். அந்தப் பெண் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடம்பு சிவந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கால் அசைந்தது. பிறகு ஒரு சின்ன அழுகை. பூனைக்குட்டியின் சத்தம்தான். நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். நான் அம்மாவை ஏசவில்லை. அவர் யன்னலைத் தானே திறந்துவைத்தார். ஆனால் பிள்ளை அழுதால் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, "தூக்கட்டோ?" என்று என்னைக் கேட்பார். ஒவ்வொரு தரமும் கேட்பார். சில நேரம் நான் பதில் சொல்ல முந்தியே கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். குளிப்பாட்டச் சொன்னால், "நீயே வார் பிள்ளை, நான் துவாய் பிடிக்கிறன்" என்பார்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, வாங்கோ அம்மா, நீங்கள் இல்லாமல் எனக்கு ஏலாது என்று கூப்பிட்டேன். விசா குடுக்கேல்லையாம் என்றார். ஊரில் அம்மாவோடு இருக்கும் தம்பியிடம் கேட்டேன். அம்மா விண்ணப்பிக்கவே இல்லை.