ஹந்தானையில் அனற்றின் ஓட்டோஜைரோ

அனற் இருபத்திரண்டு வருடமாகக் கண்டியில் மின்விசிறி திருத்துகிறாள். பிறந்தது தெல்தோட்டைத் தோட்டத்தில். பத்தொன்பது வயதில் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலைக்குப் பெட்டி கட்டப் போனவள், சாப்பாட்டு நேரத்தில் மோட்டருக்குக் கம்பி சுற்றுகிறவர்களைப் பார்த்தே அந்த வேலையைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பெருமையாகச் சொல்வதில்லை. ஆனால் ஒரு விஷயம் தனக்கு விளங்கிவிட்டதா, விளங்கியதாக நினைக்கிறோமா என்ற சந்தேகம் வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

போன வருடம் அவளை அப்படிப் பிடித்துக்கொண்டது ஓட்டோஜைரோ. போனில் பார்த்தாள். ஹெலிகொப்டர் மாதிரித்தான் இருந்தது. ஆனால் மேலே சுற்றும் இறக்கைக்கு எஞ்சின் இல்லை. பின்னாலிருந்த எஞ்சின் வண்டியை முன்னே தள்ள, எதிர்க்காற்று கீழிருந்து புகுந்து இறக்கையைச் சுழற்றியது. சுழன்ற இறக்கை வண்டியையே தூக்கியது. வாழ்நாளெல்லாம் இறக்கையைச் சுழற்றிக் காற்றை வரவழைத்தவளுக்கு உலகமே தலைகீழானது.

எஞ்சின் இல்லாமல், பட்டம்போலக் கயிற்றில் ஏறும் சின்ன ஒன்றைச் செய்தாள். ஹந்தானை மலையில் இரண்டு முறை விழுந்து இறக்கைகள் நொறுங்கின. மூன்றாவது சோடிதான் கடைசி. லேசான மரம் தீர்ந்துவிட்டது.

ஞாயிறு பூசை முடிந்ததும் கணவன் லூக்காஸின் த்ரீவீலரில் இருவரும் மலை ஏறினார்கள். மலை முகட்டில் அவன் இறக்கை பூட்டிய சட்டத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான்.

“இந்த மரத்துல ஒரு கோழிக்கூடு அடிச்சிருக்கலாம், புள்ள.”

“கோழி பறக்காதுங்க.”

“இது மட்டும் பறந்துருச்சாக்கும்!”

காற்று வந்தது. இறக்கை தயங்கி, பின்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. கூரான பின்விளிம்பு முன்னே, மழுங்கிய முன்விளிம்பு பின்னே.

“விடவா?”

“விடாதீங்க! ஐயோ, விட்டுறாதீங்க!”

ஓடிவந்து இறக்கையைப் பிடித்து நிறுத்தினாள். இறக்கையின் அடியில் சரிவுக்காக அவள் செருகியிருந்த மர ஆப்புகள் கண்ணில் பட்டன. அவளைக் கேட்காமலே அவள் கை விசிறியின் சரிவை வைத்திருந்தது. காற்றைக் கீழே தள்ள விசிறிக்கு அந்தச் சரிவு வேண்டும். இங்கே இறக்கையைத் தள்ளப்போவதே காற்றல்லவா!

“ஃபேன் செஞ்சிருக்கேங்க! மூணு தரமும் ஃபேன்தான் செஞ்சிருக்கேன்!”

ஆப்புகளை உருவி எறிந்தாள். இறக்கைகள் தட்டையாகக் கிடந்தன.

“தட்டையா வச்சா காத்து எப்படிப் புடிக்கும்? இதுவும் உடைஞ்சா முடிஞ்சுச்சு, அனற்.”

“உடைஞ்சா நான் நெனச்சது தப்புன்னாவது தெரியும். கொஞ்சம் பின்னுக்குச் சாய்ச்சுப் புடிங்க.”

முன்விளிம்பு போகும் பக்கமாகக் கையால் பலமாகச் சுழற்றிவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி ஓடினாள். இறக்கை நிற்கவில்லை. வேகம் பிடித்தது. இரண்டு இறக்கைகளும் கலங்கி ஒரு வட்டமாயின. விர்ரென்ற சத்தம் எழுந்தது.

“இழுக்குது புள்ள! என்னையே இழுக்குது!”

“விடுங்க!”

விட்டான். ஒரு முழம் இறங்கியது. பிறகு, யாரோ கீழிருந்து உள்ளங்கை கொடுத்ததுபோல, அது ஏறியது. அவன் தலைக்குமேல், மரங்களுக்குமேல், கண்டி நகரம் தெரிகிற உயரத்துக்குமேல்.

கயிறு உள்ளங்கையை அறுத்தது. அனற் சத்தம் போட்டுச் சிரித்தாள். மழைமேகம் முகட்டைத் தொட்டது.

“மழை வருது, எறக்கு!” என்று லூக்காஸ் கத்தினான்.

“எப்படி எறக்குறதுன்னு இன்னும் யோசிக்கலைங்க!” என்று சொல்லிக்கொண்டே, இன்னும் ஒரு கை நீளம் கயிற்றை விட்டாள்.