அந்த ஒரு மூச்சு

ஜொகூர் பாருவில் ஒரு சேலைக்கடையின் தீபாவளி வானொலி விளம்பரத்துக்கு வருஷா வருஷம் என் குரல்தான். இந்த முறை முதலாளி இன்னொரு பெண்ணையும் ஒலிப்பதிவுக்கு வரச் சொல்லியிருந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி, கசங்கிய பாஜு குரோங் என்ற மலாய் உடை. மைக் முன்னால் நிற்பதற்கு முன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

எங்கள் இருவருக்கும் ஒரே வரிதான். "அம்மாவுக்குச் சேலை எடுத்தாச்சா?" நான் பிசிறில்லாமல் சொன்னேன். அவரோ "அம்மாவுக்கு" என்று சொல்லி, ஒரு கணம் நிறுத்தி, பிறகுதான் மீதியைச் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலை அந்தப் பெண்ணுக்குப் போய்விட்டது.

கீழே இறங்கும்போது மின்தூக்கியில் அவரிடம் கேட்டேன். "அந்த இடத்துல நிறுத்தணும்னு எப்படிங்க தோணுச்சு?"

"அப்படியெல்லாம் யோசிக்கலீங்க. மூச்சு வாங்கிச்சுலா, நிறுத்திட்டேன்," என்று சிரித்தார்.

அதன்பிறகு காரில் தனியாகப் போகும்போதெல்லாம் அதே வரியை அதே இடத்தில் நிறுத்திச் சொல்லிப் பார்க்கிறேன். வாய் மூடித் திறப்பதுதான் கேட்கிறது. அவர் என்னிடம் பொய் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்வேன். உண்மையைத்தான் சொன்னாரோ என்று நினைத்தால்தான் தாங்கவில்லை.