மணமில்லாத மருந்து

அவள் குதித்துவிட்டாள். மினிபஸ் இன்னும் முழுதாக நிற்கவில்லை.

"ஏ அக்கா, காலு ஒடஞ்சா நான் பொறுப்பில்ல!" கண்டக்டர் கத்தினான். "முசெபேவுக்குள்ள இப்படி ஓடற ஒரே ஆளு நீதான். மத்தவனெல்லாம் அங்கருந்து ஓடி வரான்."

பஸ்ஸுக்குள் இரண்டு பேர் சிரித்தார்கள். அதே பஸ்ஸில்தான் வானொலி சொன்னது: முசெபே குடியிருப்பில் நேற்று ஏழு பேருக்குக் காலரா. லுயாண்டோ அப்போது அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. அவள் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை வந்துவிட்டாள்.

தெரு முழுக்க மழைத் தண்ணீர். கழிவறைக் குழிகளும் கிணறுகளும் ஒரே மட்டத்துக்கு நிரம்பியிருந்தன. யாரோ போட்டிருந்த செங்கற்களின் மேல் கால் வைத்து நடந்தாள். கால் இரண்டு முறை தவறித் தண்ணீருக்குள் போனது.

அவள் இங்கே கடைசியாக வந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அவள் எண்ணிப் பார்த்திருந்தாள்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. சோமா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா சோளக் கிடங்கில் காவலாளி. தலைநகர் லுசாகாவில் அக்கா வீட்டில் தங்கி வடிவமைப்பு படித்தாள். மூன்றாம் ஆண்டில் ஆறு மாதப் பயிற்சிக்காக ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்தாள். ஏழை வீடுகளுக்கு வேண்டிய பொருள்களை அந்த வீட்டு மனிதர்களோடு உட்கார்ந்து யோசித்துச் செய்வது அவர்கள் வேலை. பயிற்சி முடிந்ததும் அங்கேயே நிரந்தரமாகிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். "அடுத்தவங்க வீட்டுக்குப் போயி, அவங்க சொல்றத எழுதிட்டு வர்றதுக்கு ஒரு படிப்பாடி?" என்று அம்மா போனில் கேட்பாள். ஆனால் அந்த வேலையை லுயாண்டோ நன்றாகச் செய்தாள். பெண்கள் அவளிடம் பேசினார்கள்.

பதினொரு நாளுக்கு முன் அவள் முசெபேவுக்குக் கொண்டுபோனது ஒரு நீலப் பெட்டி. கதவு நிலையில் திருகிவிட வேண்டும். வாளியைக் கீழே வைத்து அழுத்தினால் ஒரே அளவாகக் குளோரின் விழும். அது இன்னும் முடியாத பொருள். ஈரக் கையால் அழுத்த முடிகிறதா, உயரம் சரியா என்று மட்டும் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் உள்ளே குளோரின் இல்லை. ஐந்து லிட்டர் உப்புத் தண்ணீர். "முதல்லயே சொல்லிடாத," என்று சிங்காலா சொல்லியிருந்தார். அலுவலகத்தில் அவளுக்கு மேலே இருந்தவர். "பொய் மருந்துன்னு தெரிஞ்சா வெளையாட்டா அழுத்துவாங்க. சாயங்காலம் கழட்டும்போது சொல்லிடு."

சாயங்காலம் அவள் கழற்றத்தான் போனாள். பெட்டி மாட்டியிருந்தது கபாசோ என்ற மூன்று வயதுக் குழந்தையின் வீட்டில். குழந்தையின் அம்மாவைக் குழந்தையின் பெயரைச் சேர்த்துப் பனா கபாசோ என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். அவள் சோளக் களியும் கபென்டாக் கருவாடும் செய்து வைத்திருந்தாள். லுயாண்டோ வயிறாரச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டுத் திருப்புளியை எடுத்தாள்.

"அடிப் பாவி," என்றாள் பனா கபாசோ. "சாப்ட்ட கை காயல. அதுக்குள்ள குடுத்தத புடுங்கிட்டுப் போறியா?"

முற்றத்திலிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். லுயாண்டோவும் சிரித்தாள். திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டாள். கழற்றாததால் சொல்லவும் இல்லை. நாளை வந்து எடுத்துக்கொள்ளலாம். அலுவலகப் படிவத்தில் 'திரும்ப எடுத்து வரப்பட்டது' என்ற கட்டத்தில் குறியிட்டாள். மறுநாள் வேறு குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது பனா கபாசோவின் கதவு பூட்டியிருந்தது. நிலையில் பெட்டி இல்லை. திருகாணி இருந்த நான்கு ஓட்டைகள் மட்டும். லுயாண்டோவுக்கு மூச்சு வந்தது. தூக்கி எறிந்திருப்பார்கள்.

"வா வா, தண்ணி டீச்சர்." எதிர்வீட்டு எஸ்னாட் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பலகாரம் சுட்டு விற்பவள். சட்டி கவிழ்த்து வைத்திருந்தது. "எழுத வந்தியா? எழுதிக்க. தெருவுல எதுவும் விக்கக் கூடாதாம். சட்டியும் காயுது, நானும் காயறேன்."

"பனா கபாசோ எங்கக்கா?"

"விடியறப்பவே காலராக் கூடாரத்துக்குப் போயிட்டா. புள்ளையத் தூக்கிட்டு."

"எந்தப் புள்ளைய?"

"அவளுக்கு எத்தன புள்ள இருக்கு?"

லுயாண்டோ மறுபடி அந்த நான்கு ஓட்டைகளைப் பார்த்தாள்.

"பெட்டியத் தேடறியா? இன்னிக்கு அது கடைசி வீட்ல. அவ வீட்லயே இருக்கலாமான்னு சண்ட வந்துடுச்சு. அப்பறம் மொற வச்சிட்டோம். யார் மொறயோ அங்க வாளியத் தூக்கிட்டுப் போவோம். ஒம்போது வீடு."

"கிளினிக்ல தண்ணில ஊத்தற குளோரின் மருந்து குடுத்தாங்கல்ல?"

எஸ்னாட் கையை நீட்டிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். மூடி திறக்கப்படவே இல்லை. "இதுவா? மூக்கப் பொத்திக்கிட்டு யாரு குடிப்பா? ஒன்னுதுல ஒரு வாசனையும் இல்ல. புள்ளைங்க கேட்டு வாங்கிக் குடிக்குதுங்க. அன்னிக்கு நான் சொன்னேன், நீ எழுதிக்கிட்டியே."

எழுதியிருந்தாள். 'வாசனை இல்லை, மிகவும் பிடித்திருக்கிறது.' மஞ்சள் காகிதத்தில் அது இன்னும் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தது. சிங்காலா அதை விரலால் தட்டி, நல்ல குறிப்பு என்றார்.

"பெட்டி பழுதுக்கா," என்றாள் லுயாண்டோ. "நான் எடுத்துட்டுப் போறேன். அதுவரைக்கும் கிளினிக் மருந்தையே ஊத்துங்க."

"பழுதா? காலைலகூட நல்லா அழுத்துச்சே. நீ போ, எங்க வீட்டுக்காரன் பாத்துக்குவான். ரேடியோவே ரிப்பேர் பண்ணுவான்."

பக்கத்து வீட்டுப் பெண் வாளியோடு கடைசி வீட்டை நோக்கிப் போனாள். வாளிக்குள் கிணற்றுத் தண்ணீர் தளும்பியது. லுயாண்டோ அதைப் பார்த்தாள்.

"அதுல மருந்தே இல்லக்கா."

"தீந்துடுச்சா?"

"இல்ல. எப்பவுமே இல்ல. வெறும் உப்புத் தண்ணி. பெட்டி எப்படி இருக்குன்னு பாக்கத்தான். நான் சொல்லாமப் போயிட்டேன்."

எஸ்னாட் முதலில் சிரித்தாள். பிறகு லுயாண்டோவின் முகத்தைப் பார்த்தாள். எழுந்து நின்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். அவள் வாளியைக் கீழே வைத்தாள். கதவுகள் திறந்தன. லுயாண்டோ அதையே இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் இன்னொரு முறை. யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்தார்கள். யாரென்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினால் செங்கற்களின் மேல்தான் ஓட வேண்டும். தன்னால் முடியாது என்று தெரிந்தது.

எஸ்னாட் உள்ளே போய்த் தன் வாளியிலிருந்து ஒரு கோப்பை மொண்டு வந்தாள்.

"அன்னிக்கு எங்ககூட சாப்ட்ட. இன்னிக்கு இதக் குடி."

தண்ணீர் தெளிவாக இருந்தது. எந்த மணமும் இல்லை. லுயாண்டோ கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். பாதி அவள் சட்டையில் சிந்தியது. வாய் வரை கொண்டுபோனாள். உதட்டில் விளிம்பு பட்டது.

எஸ்னாட் அதைத் தட்டிவிட்டாள்.

"வேணாம். ஒன் பொணத்த யாரு தூக்கறது?"

ஒன்பது வீட்டிலும் வாளிகளைக் கவிழ்த்தார்கள். எஸ்னாட் கிளினிக் பாட்டிலின் மூடியைப் பல்லால் திருகித் திறந்தாள். கடைசி வீட்டிலிருந்து பெட்டியைப் பெயர்த்துக் கொண்டுவந்து லுயாண்டோவின் காலடியில் போட்டார்கள்.

மறுநாள் புதன்கிழமை. எட்டு மணிக்கு லுயாண்டோ சிங்காலாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் படிவத்தை எடுத்து அவள் இட்ட குறியைப் பார்த்தார். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இரண்டு பேருக்கு போன் செய்தார். பிறகு நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். பத்து மணிக்கு அவரும் நர்ஸ் ஒருவரும் முசெபேவுக்குக் கிளம்பினார்கள். மஞ்சள் காகிதம் சுவரிலேயே இருந்தது.

மதியம் அவள் பள்ளி மைதானத்துக் கூடாரத்துக்குப் போனாள். அந்த வரிசையிலிருந்து நான்கு பேர் அங்கே இருந்தார்கள். கடைசி வீட்டுக்காரர் காலையில் இறந்துவிட்டதாகப் பதிவேடு எழுதுபவர் சொன்னார். காரணம் கிணறா, பெட்டியா, வேறு ஏதாவதா என்று கேட்டதற்கு அவருக்குத் தெரியவில்லை. கபாசோ மூன்றாவது கட்டிலில் இருந்தாள். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது.

"பெட்டிய எடுத்துட்டியா?" என்றாள் பனா கபாசோ.

"எடுத்துட்டேன்."

குழந்தை இரண்டு முறை தண்ணீர் கேட்டது. இரண்டு முறையும் பனா கபாசோ கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்தாள். பார்வை நேரம் முடிந்தது என்று காவலாளி வந்து சொன்னார். வாசலில் குளோரின் தொட்டி இருந்தது. லுயாண்டோ அதில் இரண்டு காலையும் நனைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.