கோபிட்சா மலையில் யாரோ போட்ட தடம்

ஃபானி ஓதாருக்கு இடுப்பில் புது மூட்டு வைத்த பிறகு வந்த குளிர்காலத்தில், அவள் வீட்டு ஃபிரிட்ஜின் கைப்பிடி மூன்று தடவை கையோடு வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் மேல் குற்றம் சொல்ல முடியாது. எழுபத்திரண்டு வயதுக்காரி ஒருத்தி சமையலறையில் பனிச்சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி வலது காலைத் தூக்கிப் பின்பக்கமாக வீசிப் பார்த்தால், எந்தக் கைப்பிடிதான் பொறுக்கும்?

வீசித்தான் ஆக வேண்டியிருந்தது. பலகையோடு பனிமலை ஏறுகிறவர்கள் செங்குத்துச் சரிவில் நேராகப் போக மாட்டார்கள். பாம்பு போல இப்படியும் அப்படியுமாக வளைந்து ஏறுவார்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு காலைத் தூக்கி, ஆள் உயரப் பலகையை அந்தரத்தில் அரைவட்டம் சுழற்றி, எதிர்த்திசை பார்த்து வைக்க வேண்டும். அந்தச் சுழற்றலைத்தான் டாக்டர் கூடாதென்றார். "நடங்க, நீந்துங்க, சைக்கிள் மிதிங்க. இந்தக் காலை மட்டும் அப்படித் தூக்கி வீசாதீங்கம்மா." முதல் மூன்றும் வேறு யாருக்கோ சொன்னது என்று ஃபானி எடுத்துக்கொண்டாள். நான்காவது அவள் காதில் விழவே இல்லை.

ஸ்லோவேனியாவின் போகின் பள்ளத்தாக்கில், ஏரிக்கு மேற்கே, அவள் பிறந்தபோதே வாசற்கதவை அடைத்துக்கொண்டு பனி நின்றதாம். மருத்துவச்சி மாடி ஜன்னல் வழியாக இறங்கி வந்தாள் என்பார்கள். ஆறு வயதில் அப்பா உடைந்த சறுக்குவண்டியின் மரத்தை இழைத்து முதல் பலகை செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு அவளை மண்ணில் பார்த்தவர்கள் குறைவு. பால் பண்ணையில் முப்பத்து நாலு வருஷம் பாலாடைக்கட்டி திருப்பிப் போட்டாள். குளிர்காலத்தில் வேலைக்குப் போவதும் பலகையில்தான். புருஷன் யாக்கா அவளிடம் கல்யாணப் பேச்சை மலையுச்சியில் எடுத்தான். "கீழ எடுத்தா அவ நின்னு கேக்க மாட்டா" என்பது அவன் சொன்ன காரணம். மகள் தார்யா வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோதும் உச்சிக்குப் போய் வந்தாள். அதனால்தான் தார்யாவுக்கு இன்றைக்கும் ஆகஸ்ட் மாதத்தில் கால் சில்லிட்டுப் போகிறது என்று ஊரில் ஒரு பேச்சு.

எந்த உச்சி என்றால், கோபிட்சா. வைக்கோற்போர் மாதிரி உருண்டு நிற்கும் மலை. மார்ச் பத்தொன்பது, புனித யோசேப்பு திருநாளன்று, ஃபானி அதில் ஏறாத வருஷம் 1971-லிருந்து கிடையாது. ஒருமுறை பனிப்புயலில் மாட்டி, இடையர் குடிசையில் மூன்று நாள் அவளும் யாக்காவும் மோகந்த் என்ற அந்த ஊர்ப் பாலாடைக்கட்டியை மட்டும் தின்று கிடந்தார்கள். மோகந்தின் நாற்றம் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். அவர்கள் இறங்கி வந்தபோது தேடிப் போன மீட்புக்குழுவின் நாய் எதிர்த்திசையில் ஓடியது.

யாக்கா பதினோரு வருஷத்துக்கு முன் கட்டிலில், மரியாதையாக, நிமோனியாவில் போய்ச் சேர்ந்தான். கூட வந்தவர்களின் முழங்கால்கள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன. மிஞ்சியது போல்தே ஒருவன்தான்.

போல்தே அந்தப் பள்ளத்தாக்கு பஸ்ஸை முப்பத்தொரு வருஷம் ஓட்டியவன். ஃபானியைவிட இரண்டு வயது மூத்தவன். நாற்பது வருஷமாக அவளோடு மலையேறுகிறான். நாற்பது வருஷமும் பின்னால்தான். புதுப் பனியில் முன்னால் போய்த் தடம் போடுவது முழங்கால் ஆழ மாவில் உழுவது மாதிரி; அந்தத் தடத்தில் பின்னால் வருவது பாய் விரித்த தரையில் நடப்பது மாதிரி. ஆகவே பின்னால் வருகிறவன் எட்டிப்பிடித்துவிட்டால் முன்னால் போய்க் கொஞ்ச நேரம் தடம் போட வேண்டும் என்பது அங்கே எல்லாரும் மதிக்கிற முறை. எட்டிப்பிடித்தால்தானே? போல்தே நாற்பது வருஷத்தில் ஒரு தடவைகூட எட்டிப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டான்.

"வாழ்நாள் பூரா பஸ்ல நான்தான் முன்னால உக்காந்தேன்," என்பான். "மலையிலயாவது பயணியா வர்றேனே."

ஃபானிக்கு அதில் வருத்தமில்லை. அடுத்தவர் தடத்தில் போவது அடுத்தவர் மென்ற ரொட்டியைத் தின்பது போல என்று நினைக்கிற ஜாதி அவள்.

இந்த வருஷம் தார்யா நேராக வந்து சமையலறை நடுவில் நின்றாள்.

"அம்மா, போகாதேன்னா நீ கேக்க மாட்ட. போ. ஆனா உச்சியத் தொடாம பாதியில திரும்பினியோ, அந்தப் பலகைய நானே சுவத்துல ஆணியடிச்சு மாட்டிடுவேன். அதுக்கப்புறம் மலைப் பேச்சே இருக்கக் கூடாது."

"தொட்டுட்டா?"

"தொட்டுட்டா நான் வாயத் திறக்க மாட்டேன். அடுத்த வருஷமும் போ, நூறு வயசு வரைக்கும் போ."

"நூறோட நிறுத்திக்கணுமா?" என்றாள் ஃபானி. இருந்தாலும் கையடித்துக் கொடுத்தாள். வாய் வார்த்தையைவிட அங்கே கையடித்ததற்கு மதிப்பு அதிகம். மகள் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வலது தொடையைத் தடவினாள். ஃபிரிட்ஜிடம் பயிற்சி எடுத்தும் கால் இடுப்புக்கு மேல் வரவில்லை என்பது அவளுக்கும் ஃபிரிட்ஜுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். சுவரில் தொங்கும் பலகையைத் தினமும் பார்த்துக்கொண்டு காப்பி குடிப்பது எப்படி என்று யோசித்தாள். காப்பியை விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது.

யோசேப்பு திருநாள் காலையில் வானம் கழுவி வைத்த பீங்கான் மாதிரி இருந்தது. நாலு நாளைக்கு முன் கொட்டிய பனி நன்றாகப் படிந்திருந்தது. காட்டு ஓரத்தில் இருவரும் பலகையின் அடியில் ரோமப்பட்டையை ஒட்டினார்கள். ஒரு பக்கம் பசை, மறுபக்கம் பூனை முதுகு போல மயிர். முன்னால் தள்ளினால் வழுக்கும், பின்னால் சறுக்கினால் பிடித்துக்கொள்ளும். ஃபானி நிமிர்ந்து காட்டைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் சுருங்கியது.

ஏற்கனவே தடம் போட்டிருந்தது.

"எவன்யா இது? நம்ம நாள்ல நமக்கு முன்னாடி?"

போல்தே குனிந்து காலணியின் கொக்கியை மாட்டினான். ஏற்கனவே மாட்டிய கொக்கிதான். "சுற்றுலாக்காரனா இருக்கும்," என்றான்.

"அதான பாத்தேன். தடமா இது? குடிச்சிட்டு வீட்டுக்குப் போறவன் மாதிரி போயிருக்கான்."

திட்டிக்கொண்டே அந்தத் தடத்தில் காலை வைத்தாள். வைத்தவுடன் இடுப்பு நன்றி சொல்லியது; மனசு அதைக் காதில் வாங்காத மாதிரி நடந்தது. ஓக் மரங்கள் முடிந்து ஊசியிலைக் காடு வரும்வரை வழியெல்லாம் அர்ச்சனைதான். இவ்வளவு சாய்வாகவா ஏறுவார்கள், இந்த வேகத்தில் போனால் ஈஸ்டருக்குத்தான் உச்சி, இவன் கண்ணாடி போட மறந்துவிட்டான் போல.

"அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றான் பின்னாலிருந்து போல்தே. குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

"நீயே பாரேன். உனக்கென்ன தெரியும், நீ ஒரு நாளாவது தடம் போட்டிருந்தாத்தானே."

 அன்றைக்குப் போல்தே வழக்கத்தைவிட அதிகமாக மூச்சு வாங்கினான்.

காடு முடிந்து சரிவு செங்குத்தானது. ஃபானி பயந்த இடம் அதுதான். முதல் மூலை வந்தது. காலைத் தூக்கி வீசத் தயாரானவள் அப்படியே நின்றுவிட்டாள். வீச வேண்டிய அவசியமே இல்லை. மூலையில் பனியை மிதித்து மிதித்து, கல்யாணத்தில் ஆடுகிற மேடை மாதிரி சமமாக்கி வைத்திருந்தது. குட்டிக் குட்டியாக அடி வைத்துத் திரும்பினால் போதும். சொத்தைப் பல்லை நாக்கால் தடவுகிற மாதிரி அந்தத் திருப்பத்தை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அடுத்த மூலையும் அப்படியே. அதற்கடுத்ததும். எந்தச் சுற்றுலாக்காரன் ஒவ்வொரு மூலையிலும் கால் மணி நேரம் நின்று பனி மிதிப்பான்?

நாலாவது மூலையில் வேறொன்று தெரிந்தது. தடம் திரும்புவதற்கு முன் எதிர்ப்பக்கமாக அகல ஒதுங்கி, பிறகு பெரிய வட்டமடித்து உள்ளே வந்தது. பின்சக்கரம் ஓரக்கல்லில் ஏறிவிடக் கூடாது என்பதுபோல. பலகைக்கு ஏது பின்சக்கரம்? தேவாலயத்துப் பக்கத்து முடுக்கில் பன்னிரண்டு மீட்டர் பஸ்ஸை முப்பத்தொரு வருஷம் திருப்பியவனுக்குத்தான் இப்படி வளைக்க வரும்.

போல்தேயின் தடத்தை நாற்பது வருஷத்தில் ஃபானி பார்த்ததே இல்லை. எப்போதும் அது அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அவள் திரும்பி நின்றாள். "போல்தே. நேத்து எங்க இருந்த?"

"பல் டாக்டர்கிட்ட."

"உனக்கு ஏதுய்யா பல்லு?"

போல்தே தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ எழுதியிருப்பதுபோலப் பார்த்தான். "சரி. வந்தேன். ஒரு நாள் முன்னால போய்ப் பாக்கலாம்னு தோணுச்சு. தார்யா பஸ் நிறுத்தத்துல ஆணி விஷயத்தைச் சொன்னா." பிறகு நிஜமான கோபத்தோடு சொன்னான்: "எவ்வளவு கஷ்டமா இருக்கு தெரியுமா அது? நாக்கு தள்ளிடுச்சு. நாப்பது வருஷமா நீ ஒரு வார்த்தை சொன்னியா?"

ஃபானி வாயைத் திறந்தாள். காலையிலிருந்து திட்டியதெல்லாம் தொண்டையில் வரிசை கட்டி நின்றது. "கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் போட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கையுறையால் மூக்கைத் துடைத்தாள். குளிரில் மூக்கு ஒழுகுவது சகஜம். கண் ஏன் ஒழுகுகிறது என்று போல்தே கேட்கவில்லை, நல்ல மனுஷன்.

உச்சிக்கு நூற்றைம்பது மீட்டர் கீழே தடம் முடிந்துபோனது. அங்கே ஒரு குழி. ஆள் உட்கார்ந்த குழி, பக்கத்தில் வாதுமை ரொட்டியின் துணுக்குகள், ரொட்டிக்கு வந்த காக்கையின் கால் தடங்கள்.

"இதுக்கு மேல நேத்து முடியல," என்றான் போல்தே.

"இதுவரைக்கும் போட்டியே, போதும். இனி நான் பாத்துக்கறேன்."

பழக்கம் விடுமா? முன்னால் போனாள். தொடாத பனி, முழங்கால் ஆழம், சரிவோ ஏணி. முதல் மூலையில் பல்லைக் கடித்து வலது காலை வீசினாள். கால் பாதி தூரம் போய், வேண்டாம் என்று முடிவு செய்தது. ஒரு பலகை வானத்தைப் பார்க்க, ஒரு பலகை பள்ளத்தாக்கைப் பார்க்க, நடுவில் ஃபானி கொக்கு மாதிரி நின்றாள். முன்னாலும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. சுவரும் ஆணியும் கண்ணில் தெரிந்தன.

பின்னால் மூச்சு கேட்டது. பழைய டீசல் எஞ்சின் மேடேறுகிற மூச்சு. போல்தே அவள் காலைப் பிடித்துப் பலகையை மெதுவாகத் தரைக்குக் கொண்டுவந்தான்.

"எட்டிப்பிடிச்சிட்டேன்," என்றான். "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. ஒதுங்கு."

ஃபானி ஒதுங்கினாள். அவள் வாழ்க்கையில் மலையில் யாருக்கும் ஒதுங்கியதில்லை. யாக்காவுக்குக்கூட.

இருபது அடி வைப்பான், நிற்பான். மூலை வந்தால் மாடு மாதிரி மிதிமிதியென்று மிதித்துச் சமமாக்குவான், அகல ஒதுங்கி வளைவான். ஃபானி பின்னாலேயே போனாள். பின்னாலிருந்து பார்த்தால் மலை வேறு மாதிரி இருந்தது. முன்னால் போகிறவளுக்கு எப்போதும் அடுத்த அடிதான் கண்ணில் படும். பின்னால் வருகிறவளுக்குப் பார்க்க நேரம் இருக்கிறது. கீழே ஏரி பாதி உறைந்து கிடந்ததைப் பார்த்தாள். இடையர் குடிசையின் கூரையைப் பார்த்தாள். போல்தேயின் கால்சட்டையில் அவன் அக்கா போட்ட ஒட்டுத்துணி இரண்டும் இரண்டு நிறத்தில் இருந்ததைப் பார்த்தாள். மேலே உச்சியில் யாக்கா அவளிடம் கல்யாணப் பேச்செடுத்த பாறை இவ்வளவு சின்னதா? அப்பா இழைத்த மரம், பால் பண்ணைக்குப் போன இருட்டு விடியல்கள், வயிற்றில் உதைத்த தார்யா, இத்தனை வருஷம் பலகையைத் தாங்கி நின்ற பழைய இடுப்பு, இப்போது தாங்குகிற புதுசு, அதை வைத்த டாக்டர். இவ்வளவு பேர் சேர்ந்து தன்னை மேலே தள்ளியிருக்கிறார்கள் என்று அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தான் தனியாக ஏறியதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். மென்ற ரொட்டி ஒன்றும் அவ்வளவு மோசமில்லை. பல் இல்லாதவன் மென்றது, அதனால் நேரம்தான் அதிகமாகிறது.

மத்தியானம் தாண்டி உச்சியில் இருந்தார்கள். வழக்கப்படி கை குலுக்கினார்கள். போல்தே மல்லாந்து படுத்துவிட்டான். ஃபானி மகளுக்கு போன் போட்டாள்.

"மேலதான் நிக்கிறேன்."

"நெஜமாவா? யார் தடம் போட்டது?"

"போல்தே."

 "அம்மா, தலையில ஏதும் அடிபட்டிருக்கா?"

"அடியெல்லாம் இல்ல. அவன் போடலன்னா மலைக்கு வழியில்லாம போயிருக்கும். எனக்குக் கிடைச்சுது. ராத்திரி சாப்பாட்டுக்கு அவனையும் சேத்துக்கோ."

ரோமப்பட்டைகளை உரித்து மடித்து சட்டைக்குள் மார்போடு செருகிக்கொண்டார்கள். வடக்குச் சரிவு அவர்களுக்கு முன்னால் கோடு விழாத புதுத் துணியாக விரிந்து கிடந்தது. தடம் போட்டவர்தான் முதலில் இறங்க வேண்டும். அது அங்கே கூலி மாதிரி. ஐம்பத்து நாலு வருஷம் அந்தக் கூலியை ஃபானியே வாங்கிக்கொண்டாள். இப்போது ஊன்றுகோலை நீட்டிக் காட்டினாள்.

"போ. உன்னோடது."

"எனக்கா?" போல்தேயின் முகத்தில் முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பையனின் களை. "என்ன பண்ணணும்?"

"கீழ போகணும். பஸ் நிறுத்தமெல்லாம் கிடையாது."

போனான். முதல் வளைவு, சும்மா சொல்லக் கூடாது, அழகாகவே வந்தது. இரண்டாவதில் வழக்கம்போல அகல ஒதுங்கினான். இறக்கத்தில் அதெல்லாம் செல்லுபடியாகவில்லை. ஒரு வெள்ளைப் புகை எழுந்தது. அது அடங்கியபோது சரிவின் நட்டநடுவில், ஓர் எருமை புரண்டு எழுந்த அளவுக்குக் குழி. குழிக்குள் போல்தே, வாய் நிறையப் பனி.

"உயிரோட இருக்கியா?" என்று கேட்டாள் ஃபானி.

"இருக்கேன். முன்னால போனா இவ்வளவு நல்லா இருக்கும்னு நீ அதையும் சொல்லல."

ஃபானி சிரித்து முடிக்க நேரமாயிற்று. முடித்த பிறகு, குழிக்கு இரண்டு பக்கமும் கிடந்த புதுப் பனியை விட்டுவிட்டு, போல்தே போட்ட அந்த ஒற்றை வளைவை ஒட்டியே, மெதுவாக இறங்கி அவனிடம் போனாள்.