டம்ளர் கச்சேரி

சின்ன வயதில் என் கைக்கு எட்டிய எதுவும் எங்கள் வீட்டில் சும்மா இருந்ததில்லை. சோற்றுத் தட்டு, முறம், தண்ணீர்க் குடம், தூங்கும் அப்பாவின் முதுகு, எல்லாமே எனக்கு மேளம்தான். குமாரபாளையத்தில் வீட்டை ஒட்டியே அப்பாவின் தறிப்பட்டறை. விசைத்தறிகள் தாளம் போட, நான் கரண்டியோடு வீட்டைச் சுற்றிப் பாடி வருவேன். அந்தச் சத்தத்தில் என் பாட்டு யாருக்கும் கேட்காது. அதனால் நான் நன்றாகப் பாடுகிறேன் என்ற நம்பிக்கைக்குக் குறைவே வரவில்லை.

அந்த வருஷம் அப்பாவின் தங்கை, என் அத்தை, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கு என் கச்சேரி பிடிக்கும். என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, "பாரு சாமி, உன்ற பாட்டுக்குப் பாப்பா ஆடுது" என்பாள். நான் வயிற்றருகே குனிந்து இன்னும் உரக்கப் பாடுவேன்.

பிறகு அத்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தவளின் கையில் பாப்பா இல்லை. நேரே உள்ளறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"ஏனுங்கம்மா, பாப்பா எங்கீங்க?"

"சாமிகிட்டப் போயிருச்சு. அத்தைக்கு ஒடம்பு சரியில்ல, சத்தம் பண்ணாம இரு" என்றாள் அம்மா.

எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் சாமி என்பார்கள். என்னையே அப்படித்தான் கூப்பிட்டார்கள். பாப்பா ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறது, வந்துவிடும் என்று இருந்துவிட்டேன். கரண்டிகளெல்லாம் பரணுக்கு ஏறின. அத்தை யாரிடமும் பேசவில்லை. வைத்த சோறு வைத்தபடியே இருந்தது.

ஒரு மதியம் கரண்ட் போய்த் தறிகள் நின்றன. அம்மா துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். நான் டம்ளர்களை வரிசையாக வைத்து, கூடவும் குறையவும் தண்ணீர் ஊற்றி, ஸ்பூனால் தட்டினேன். மெதுவாகத்தான். ஒரு டம்ளர் மட்டும் மற்றவற்றோடு சேராமல் கட்டைக் குரலில் பேசியது. திரும்பத் திரும்பத் தட்டினேன்.

"அதுல தண்ணி சாஸ்தி சாமி. ஒரு வாய் குடிச்சிட்டுத் தட்டு."

உள்ளறையிலிருந்து அத்தையின் குரல். குடித்துவிட்டுத் தட்டினேன். சேர்ந்துவிட்டது. அத்தை எழுந்து வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "இதுல கொஞ்சம், இதுல ரெண்டு வாய்" என்று அவள் சொல்லச் சொல்ல, குடித்துக் குடித்து என் வயிறு உப்பிவிட்டது. கடைசியில் நான் தட்ட, அவள் கண்ணை மூடி, முழங்காலை ஆட்டியபடி ஒரு தாலாட்டுப் பாடினாள்.

மாடியிலிருந்து இறங்கிய அம்மா படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பட்டறையிலிருந்து வந்த அப்பா வாசலிலேயே நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடி விழப்போகிறது என்று ஸ்பூனை ஒளித்தேன்.

"நீ தட்டு சாமி" என்றாள் அத்தை.

நடுவில் கரண்ட் வந்து மின்விசிறி சுற்றியது. ஆனாலும் அப்பா போய்த் தறியை ஓட்டவில்லை.

அன்று சாயங்காலம் அத்தை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஒடம்பு சரியில்லை என்றால் எனக்குக் காய்ச்சல்தான்; அத்தையின் காய்ச்சலை நான்தான் வாசித்து விரட்டினேன் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். பக்கத்து வீட்டில் காய்ச்சலில் கிடந்த மாமாவின் தலைமாட்டிலும் டம்ளர்களோடு போய் உட்கார்ந்து, துரத்தப்பட்டேன்.

எல்லோரும் அசையாமல் நின்று கேட்கும்படி நான் வாசித்தேன் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். அத்தை அன்று பாடியதும் எனக்காகத்தான் என்று.