எஸ்தர் அக்கா எழுதாமல் விட்ட அத்தியாயம்

அன்று காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. என் வீட்டுக்காரர்தான் எடுத்தார். "ராஜபாளையத்துல இருந்து" என்று ரிசீவரை என் பக்கம் நீட்டியபோது அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. எஸ்தர் அக்கா வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா பேசினார். "கோதையம்மா, எஸ்தர் போயிட்டாங்க. காப்பி கொண்டுக்கிட்டுப் போனேன், எந்திரிக்கவே இல்ல" என்றார். அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

எஸ்தர் பொன்மணி என்ற பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடைகளில் கயிற்றில் தொங்கும் மாத நாவல்களில் எத்தனையோ வருடங்களாக அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். முகம் தெரிந்தவர்கள் குறைவு. படம் போட அவர் ஒருநாளும் சம்மதித்ததில்லை. ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலை ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடிந்தும் விடியாமலும் எழுத உட்காருவார், மில் சங்கு ஊதியதும் பேனாவை மூடிவிட்டு வேலைக்குக் கிளம்புவார். "மூடு வரட்டும்னு காத்துக்கிட்டிருந்தா சங்குதான் வரும்" என்பார். எழுதியது முழுக்கக் காதல் கதை. அதில் அவருக்கு ஒரு துளி வெட்கமும் கிடையாது.

நாங்கள் முதலில் சந்தித்துக்கொண்டது சண்டையில்தான். எண்பதுகளின் நடுவில் நானும் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே மாதத்தில் எங்கள் இருவருடைய நாவலும் வந்தன. இரண்டிலும் கதாநாயகன் எஸ்டேட் முதலாளி. இரண்டிலும் விபத்தில் அவனுக்குக் கால் போய்விடுகிறது. இரண்டும் நடப்பது கொடைக்கானலில். பாவி, பெயர்கூட ஒன்றேதான், மோகன்குமார்! அடுத்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் மெலிந்த ஒரு பெண்மணி குடையோடு வந்து நின்றார். "கோதை யாரு, நீதானா? ஏட்டி, என் ஆள எதுக்கு நீ எடுத்த?" என் மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு புத்தகத்தையும் கொண்டுவந்து காட்டி, மாமியாருக்குத் தண்ணீர் கொடுத்து, நடந்ததை விளக்கி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்குள் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அன்றைக்கே பங்கு பிரித்துக்கொண்டோம். டாக்டரும் எஸ்டேட் முதலாளியும் பேராசிரியரும் அவருக்கு. மிலிட்டரிக்காரரும் வக்கீலும் எனக்கு. கலெக்டர் மட்டும் முறை வைத்து. கொடைக்கானல் அவருக்கு, ஊட்டி எனக்கு. நாங்கள் இருவருமே அந்த இரண்டு ஊரையும் கண்ணால் கண்டதில்லை. கதையில் அருவி வந்தால் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு பக்கத்து மலையடிவாரத்து அய்யனார் கோவில் அருவிக்குப் போய்விடுவார். பாறையில் உட்கார்ந்து, தண்ணீர் எப்படி விழுகிறது, சேலை எப்படி ஒட்டுகிறது, எத்தனை நேரத்தில் காய்கிறது என்று பார்ப்பார். அவருடைய நாவல்களில் கொடைக்கானல் அருவியில் நனைந்த ஜோடிகள் எல்லாம் உண்மையில் அய்யனார் கோவில் தண்ணீரில் நனைந்தவர்கள்தான். இப்போது சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

நான் சில வருடங்களில் எழுதுவதை விட்டுவிட்டேன். பிள்ளைகள், மாமியார், மளிகை என்று காரணம் சொல்லலாம். உண்மையில் எனக்குச் சரக்கு அம்புட்டுத்தான். அக்கா எழுத்தை விடவில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வசனத்தை எழுதியதும் வாய்விட்டுப் பேசிப் பார்ப்பார். பெண் பேசுவதைத் தன் குரலில், ஆண் பேசுவதை அடித்தொண்டையில். ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டு, தெரு கண்ணயரும் நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு இது நடக்கும். தெரு எங்கே கண்ணயர்ந்தது? எஸ்தர் வீட்டுக்குள் ஆம்பிளைக் குரல் கேட்கிறது என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சொந்தக்காரரும் அவர் மனைவியும் எதிர்வீட்டுப் பெரியவரும் சேர்ந்து வந்து கதவைத் தட்டினார்கள். பெரியவர் உள்ளே வந்ததும் வராததுமாகக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாராம். வீட்டுக்கார அம்மா குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாராம். அக்கா அசரவில்லை. "ஆளு மேசை மேலல்லா இருக்காரு" என்று காகிதத்தை எடுத்து, அதே அடித்தொண்டையில், "மாலதி, நீ போயிட்டா எனக்கு இந்த எஸ்டேட்டும் வேணாம், இந்த உயிரும் வேணாம்" என்று வாசித்துக் காட்டினாராம். வீட்டுக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, "பொறவு அந்த மாலதி போயிட்டாளா?" என்று கேட்டாராம்.

வீட்டுச் சொந்தக்காரர் சிரிக்கவில்லை. "எழுதுங்கம்மா, வேணாம்னு சொல்லல. ஆம்பிளச் சத்தம் மட்டும் கேக்கப்படாது. தெருவுல வயசுப் பிள்ளைய இருக்கு. முடியலன்னா வேற வீடு பாத்துக்கிடுங்க." தனியாக இருக்கும் பெண்ணுக்கு வேறு வீடு கிடைப்பது அன்றைக்கு லேசுப்பட்ட காரியமா? அக்கா சரி என்று சொல்லிவிட்டார். மறுநாள் என்னிடம் வந்து, "இருந்த ஒரு ஆம்பிளையையும் வெரட்டிப்புட்டாகட்டி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அதிலிருந்து ஞாயிறு மத்தியானம் டவுன் பஸ் ஏறி எங்கள் வீட்டு மாடிக்கு வந்துவிடுவார். நான்தான் கதாநாயகன். "இன்னைக்கு டாக்டரா, எஸ்டேட்டா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்துவிட்டுக் கீழே போய்விடுவார். நான் கொஞ்சம் உருகிப் பேசினால் போதும், அக்காவுக்கு ஆகாது. "ஏட்டி, அவன் ஒண்ணும் உயிர விடல, காப்பிதான் கேக்கான். காப்பி கேக்கிற மாதிரிக் கேளு." இன்னொரு நாள் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தா கதை படுத்துரும். கையில ஒரு வேலையக் குடு. முதல்ல கத்திரிக்கா நறுக்கட்டும், பொறவு காதலிக்கட்டும்." பொழுது சாய்ந்ததும் பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போவேன். பஸ் கிளம்பும்போது அவர் கையாட்ட மாட்டார், நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். என்னக்கா அப்படி என்ன யோசனை என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணுமில்ல. போயி பூட்டத் தெறக்கணுமேன்னு நெனச்சேன்" என்றார்.

தேவதானத்தில் ஒரு பெண் அவருடைய நாவல்களைப் படித்துத் தைரியம் வந்து, வீட்டில் போராடி, விரும்பியவனையே கட்டிக்கொண்டாள். நீங்கள் வந்தால்தான் தாலி கட்டிக்கொள்வேன் என்று பத்திரிகையும் அனுப்பியிருந்தாள். அக்கா புதுச்சேலை கட்டிக்கொண்டு போனார். மறு ஞாயிறு வந்தபோது பெண் என்ன சொன்னாள் என்று ஆவலாகக் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். இவர் தன்னை யார் என்றே சொல்லவில்லையாம். கடைசி வரிசையில் உட்கார்ந்து தாலி கட்டுவதைப் பார்த்து, பந்தியில் சாப்பிட்டு, பரிசை யார் கையிலோ கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்களுக்கு என்ன கூச்சம்? அந்தப் பிள்ள எம்புட்டு எதிர்பாத்திருக்கும்!" என்று கத்தினேன். "அது மனசுல நான் எம்புட்டு அழகா இருந்திருப்பேன். பக்கத்துல வீட்டுக்காரர், பின்னால ரெண்டு பிள்ளைக. அந்த எடத்துல போயி இந்த மூஞ்சியக் காமிக்கச் சொல்லுதியா?" என்றார் அக்கா.

பிறகு டி.வி. தொடர்கள் வந்தன. மாத நாவல் விற்பனை படுத்தது. அந்தச் சமயத்தில் அக்காவுக்கு டைபாய்டு வந்து ஒரு மாதம் கதை அனுப்ப முடியவில்லை. ஆனால் புத்தகம் வந்துவிட்டது! அட்டையில் எஸ்தர் பொன்மணி. உள்ளே யாரோ எழுதிய கதை. முடிவில் கதாநாயகி விஷம் குடித்துச் சாகிறாள். அக்கா ஒரு கதாநாயகியையும் சாகடித்தவரில்லை. காய்ச்சல் விட்டும் விடாத உடம்போடு ரயிலேறி மெட்ராஸ் போனார். பதிப்பாளர் உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, இதெல்லாம் தொழிலில் வழக்கம்தானே என்றாராம். காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவர் புத்தகம் எங்கும் வரவில்லை.

வாசகர்கள் மறந்துவிடுவார்கள் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். நானும்தான் சொன்னேன், கொஞ்சம் வளைந்து கொடுத்துப் போங்களேன் என்று. அன்றைக்குத்தான் அக்கா என்னிடம் குரலை உயர்த்தினார். "ஒனக்கென்னட்டி, வீடு நெறைய ஆளு இருக்கு. எனக்கு இருக்கிறது அந்தப் பேரு ஒண்ணுதான். அதுக்குள்ளயும் எவளோ வந்து குடியிருந்தா நான் எங்க போவேன்?" சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வேறொரு பதிப்பாளர் தேடி வந்து, அவர் எழுதாத ஒரு வரியையும் அவர் பெயரில் போடுவதில்லை என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் மறுபடி பேனாவைத் தொட்டார். வாசகர்கள் மறக்கவில்லை. பஞ்சாலைப் பெண்கள் ஷிப்டு முடிந்து வரும் வழியில் அவருடைய புதுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனதை நானே பார்த்தேன். அன்று அக்கா எனக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார்.

கடைசி நாவலில்தான் கொடைக்கானலை விட்டுவிட்டு எங்கள் ஊருக்கு வந்தார். எஸ்டேட்டும் இல்லை, டாக்டரும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடையில் நிற்கும் ரேவதி, சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒருவன். இருவருக்கும் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இந்த வயசுக்காரர்களை யார் படிப்பார்கள் என்று கேட்டேன். "நான் படிப்பேன்" என்றார். பாதி எழுதும்போதே வயிற்றில் கட்டி என்று தெரிந்துவிட்டது. மதுரைக்கும் ராஜபாளையத்துக்குமாக அலைந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் எழுதினார். கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது விரல்கள் பேனாவைப் பிடிக்கவில்லை.

அக்கா போவதற்கு ஒரு மாதம் முன்னால் போயிருந்தேன். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன் என்றேன். "எழுத வேண்டாம். பேசிப் பாப்போம்" என்றார். கஞ்சி கொண்டுவந்த வீட்டுக்கார அம்மா அதைக் கேட்டுவிட்டு, "நல்லாச் சத்தமாவே பேசுங்க கோதையம்மா, யாரு கேக்கா இப்ப?" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார். அவர் கணவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்த அறையில் நாங்கள் கடைசி அத்தியாயத்தை முழுக்கப் பேசினோம். அக்கா ரேவதி. நான் சைக்கிள் கடைக்காரன். என் வசனத்தையும் அவர்தான் முதலில் மெதுவாகச் சொல்லித் தந்தார். முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "சரியா வந்திருக்கு. கை சொன்னபடி கேட்டா நாளைக்கு எழுதிருவேன். கேக்கலன்னா அப்படியே விட்ரு. நீ எழுதாத" என்றார். உங்கள் வார்த்தைதானே அக்கா என்றேன். "பேசினது என் வார்த்தை. எழுதினா அது ஒன் வரி. வேண்டாண்டி." கை சொன்னபடி கேட்கவில்லை.

அடக்கத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து அக்காவின் தம்பி வந்திருந்தார். அக்கா கதைகளில் எது நன்றாக இருக்கும் என்று என்னிடம் ஒரு மரியாதைக்குக் கேட்டார். அவர் ஒன்றுகூடப் படித்ததில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் மில் பெண்கள் சிலர் அழுதுகொண்டே, அக்கா கதைகளில் வரும் மாலதி பாவமா ரேணுகா பாவமா என்று பேசிக்கொண்டு நின்றார்கள். நான் அவர்கள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அக்காவுக்கு வாக்குக் கொடுத்த அந்தப் பதிப்பாளர் போன் செய்தார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். "ஒரு அத்தியாயம்தானம்மா. அவங்க சொன்னதைத்தானே எழுதப் போறீங்க? உங்க பேரையும் போடுறேன்" என்றார். முடியாது என்றேன். அக்கா நிறுத்திய இடத்தில் நிறுத்துங்கள், கீழே ஒரு புள்ளிகூடச் சேர்க்காதீர்கள் என்றேன். வாசகர்கள் திட்டுவார்கள் என்றார். என் விலாசத்தைக் கொடுத்து என்னைத் திட்டச் சொல்லுங்கள் என்றேன்.

ஆகவே புத்தகம் அப்படியே அச்சாகிறது. ரேவதி தேரடியில் நிற்கிறாள், அவன் எதிர்ச்சாரியில் சைக்கிளை நிறுத்துகிறான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பேச்சு மட்டும்தான். சேர்ந்தார்களா என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிக்குப் போய் அதை முதலிலிருந்து ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் நடுவில் ரேவதியின் ஒரு வரி வரவில்லை. எவ்வளவோ முயன்றும் வரவில்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை.